பாறையிலும் வேர் விடும் பட்டிப்பூ



ஆடி மாதத்து வன்னியை அறிந்தவர்களுக்கு வறட்சி என்றால் என்னவென்று எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சோளகக் காற்று ஓயாது வீசும். கிரவல் ஒழுங்கைகளில் புழுதி எழும்பி, வேலியோரத்துப் பூவரசின் இலைகளையெல்லாம் சிவப்பாக்கிவிடும். சிறு குளங்கள் வற்றி, அவற்றின் நிலம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். மாரியில் வான் பாய்ந்த பெருங்குளங்களிலும் தண்ணீர் அணைக்கட்டை விட்டு வெகுதூரம் உள்வாங்கியிருக்கும். கிணற்றில் வாளி இறக்கும் தாய்மாருக்குக் கயிறு எட்டாமற்போகும்.

மத்தேயு எழுதிய நற்செய்தியை நாம் வாசிக்கும் ஆண்டுகளில், இந்த யூலை மாதத்து வெயிலில்தான் விதைப்பவன் உவமையைத் திருச்சபை நம்முன் வைக்கிறது (மத். 13:1-23). சில விதைகள் மண் ஆழமில்லாத பாறை நிலத்தில் விழுந்தன, விரைவாய் முளைத்தன, வெயில் ஏறியதும், வேர் இல்லாத காரணத்தால் கருகிப் போயின என்று ஆண்டவர் சொல்கிறார். இதைக் கேட்டவுடன் நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். பாறை நிலம் கெட்ட நிலம். வெயில் நம் பகைவன். இங்கே ஒன்றும் விளையாது என்கிறோம். நிலத்தைப் பற்றி மட்டுமன்று, நம் குடும்பங்களைப் பற்றியும், நம் பிள்ளைகளைப் பற்றியும், நம்மைப் பற்றியும் இப்படியே சொல்லிக்கொள்கிறோம்.

ஆனால் பூசை முடிந்து வெளியே வந்ததும், கோயில் முற்றத்துக் கெபியை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

கெபியில் ஒரு சிறு செடி

நம் பங்குகள் பலவற்றில் லூர்து அன்னைக்குக் கெபி உண்டு. கருங்கல்லோ முருகைக்கல்லோ எது கிடைத்ததோ அதை அடுக்கி, இடுக்குகளில் மண் நிரப்பி, மேலே அன்னையின் சுரூபத்தை வைத்திருப்போம். திருநாள் வந்தால் அங்கே ரோசாவையும் குரோட்டனையும் கொண்டுவந்து நடுவோம். நாள்தோறும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும்வரை அவை நிற்கும். கல் சுடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாய் வாடிவிடும். அதே கல்லில், அதே வெயிலில், பலவேளை எவரும் நடாமலே ஒரு செடி நின்று பூத்துக்கொண்டிருக்கும். அதுதான் பட்டிப்பூ.

ஐந்து இதழ், இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை, நடுவே சில வேளை ஒரு சிவந்த பொட்டு. தமிழகத்தில் இதனை நித்தியகல்யாணி என்பார்கள், ஆண்டு முழுவதும் பூப்பதால். ஆடு மாடு இதில் வாய் வைப்பதில்லை. அதன் பால் அவ்வளவு கசப்பு. விலை கொடுத்து வாங்குவாரும் இல்லை, மாலை கட்டுவாரும் அரிது. ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் சில ஆண்டுகள் நிற்கும். தாய்ச்செடி முதிர்ந்து போகுமுன் அதன் காலடியிலேயே கன்றுகள் முளைத்துவிடும்.

இதனைக் கல்மேட்டில் வளர்க்க விரும்புவோர் சில காரியங்களை அறிந்திருத்தல் நலம். முதலாவது, நிழல் ஆகாது. முழு வெயில் படும் இடமே இதற்கு ஏற்றது. இரண்டாவது, தண்ணீர் தேங்கக் கூடாது. கற்களைச் சரிவாக அடுக்கி, செம்மண்ணோடு மணலும் கிரவலும் கலந்து இடுக்குகளை நிரப்பினால், மாரித் தண்ணீர் வடிந்து ஓடிவிடும். இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் வெயிலன்று. காலடியில் தேங்கி நிற்கும் நீரே அதன் வேரையும் தண்டையும் அழுகச் செய்கிறது. மூன்றாவது, எரு மட்டாக இருக்கட்டும். மக்கிய சாணம் ஒரு பிடி போதும். மிஞ்சினால் இலை கொழுக்கும், பூ குறையும்.

காய்ந்த காய்களைப் பிரித்தால் உள்ளே கடுகிலும் மெலிந்த கரிய விதைகள் இருக்கும். மாரி ஓய்ந்தபின், தை மாசியில், அவற்றைத் தூவி மெல்லிய மண்ணால் மூடிவிடுங்கள். மூடுவது முக்கியம். வெயிலை விரும்பும் இந்தச் செடியின் விதை, இருளில்தான் நன்றாக முளைக்கும். ஒன்றிரண்டு கிழமையில் முளை காட்டும். நாற்று வேர் பிடிக்கும்வரை நாளாந்தம் தண்ணீர் வேண்டும். அதன்பின் தண்ணீர் விடுவதை ஐதாக்க வேண்டும். ஆனால் விடும்போது அடிமண் நனைய விடவேண்டும். நாள்தோறும் மேலாகத் தெளித்துக்கொண்டிருந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால், ஈரத்தைத் தேடி ஆணிவேர் கல்லிடுக்கு வழியே கீழிறங்கும். சோளகம் வரும்போது அந்த வேரே செடியைக் காக்கும்.

குற்றம் வெயிலில் இல்லை

இப்போது உவமைக்குத் திரும்பிப் பாருங்கள். நல்ல நிலத்தில் விழுந்த விதைக்கு வேறொரு சூரியனா எழுந்தது? இல்லை. முப்பது மடங்கும் அறுபது மடங்கும் நூறு மடங்கும் பலன் தந்த பயிரின்மேலும் அதே வெயில்தான் காய்ந்தது. வெயில் ஒருவனைக் கருக்கியது, இன்னொருவனை விளைவித்தது. வேறுபாடு மேலே இல்லை, கீழே இருந்தது. ஆண்டவர் தாமே இதற்குப் பொருள் சொல்கிறார்: வார்த்தையை மகிழ்ச்சியோடு ஏற்கிறான், ஆனால் தன்னில் வேர் இல்லாதவன், துன்பம் வந்ததும் இடறி விழுகிறான்.

எரேமியா இறைவாக்கினரும் இதையே கண்டார் (எரே. 17:7-8). ஆண்டவரில் நம்பிக்கை வைத்தவனை, நீரோடை நோக்கி வேரை நீட்டிய மரத்துக்கு ஒப்பிடுகிறார். அந்த மரத்துக்கு வெப்பம் வராது என்று அவர் சொல்லவில்லை. வெப்பம் வரும், மழையற்ற ஆண்டும் வரும், ஆனால் அது அஞ்சாது என்றார்.

நம் விசுவாசத்துக்கு நாம் விடும் தண்ணீர் எப்படிப்பட்டது? கொடியேற்றத்துக்கு ஒரு தெளிப்பு. நத்தாருக்கு ஒரு தெளிப்பு. மடு யாத்திரைக்கு ஒரு தெளிப்பு. பிள்ளையின் முதல் நற்கருணைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் பெரிய பந்தல், பெரிய கேக், பெரிய படம். இவையெல்லாம் தவறென்று சொல்லவில்லை. ஆனால் இவை மேல்மண்ணை மட்டும் நனைக்கின்றன. வீட்டில் இரவு செபமாலை நின்றுபோய் எத்தனை மாதம்? நற்செய்தியின் ஒரு பகுதியைத் தகப்பன் வாசிக்கப் பிள்ளை கேட்டு எத்தனை காலம்? காணி எல்லைக்காகச் சகோதரனோடு பேசாமலிருந்து, அதே கோயிலில் இருவரும் வேறு வேறு பக்கம் நின்று நற்கருணை வாங்குகிறோமே, அந்தக் கல்லை எப்போது புரட்டப் போகிறோம்? அடிமண் நனைவது இவற்றாலேயே. எவரும் பாராத இடத்தில் நடப்பவை இவை. வேரும் எவரும் பாராத இடத்தில்தான் வளர்கிறது.

கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் கதவைச் சாத்திக்கொள்ளும் தாயும், வேலை தேடிக் களைத்துப் போதையிடம் சரணடையும் மகனும் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், உனக்கு வேர் இல்லை என்று குற்றம் சுமத்துவது எளிது. அதுவல்ல நாம் செய்ய வேண்டியது. நாற்று வேர் பிடிக்கும்வரை நாளாந்தம் தண்ணீர் வேண்டும் என்று முன்னே சொன்னோம் அல்லவா? அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டியவர்கள் பக்கத்தில் நிற்கும் நாமே. ஒருவர் கடனைத் தீர்க்க உதவுவதும், ஒருவர் மகனோடு பொறுமையாய் இருந்து பேசுவதும், பக்திச் சபைகளின் கூட்டங்களைவிடக் குறைந்த செபம் அல்ல.

இடம் பெயர்ந்த செடி

பட்டிப்பூ இந்த மண்ணுக்குரிய செடியன்று என்பதைப் பலர் அறியார். அதன் தாயகம் இந்து சமுத்திரத்தின் மறுகரையில், ஆபிரிக்காவுக்கு அருகே உள்ள மடகஸ்கார்த் தீவு. அங்கிருந்து கடல் கடந்து வெப்ப நாடுகளெங்கும் பரவியது. இன்று அதனை வந்தேறி என்று எவரும் வேலிக்கு வெளியே தள்ளுவதில்லை. எங்கே விழுந்ததோ அங்கே வேர் விட்டது. அந்த மண்ணின் பூவாயிற்று.

வன்னி மக்களின் வரலாறும் இதுவே. குடியேற்றத் திட்டங்களில் காடு வெட்டிக் களனியாக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 1958 இலும் 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப்பின் மலையகத்திலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் ஓர் இரவுக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசெம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கரையில் கடல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள, வெறுங்கையோடு நின்றவர்கள் இருக்கிறார்கள். பின்னர் 2009 இல், இவர்கள் அனைவரும் சேர்த்துப் பிடுங்கி எறியப்பட்டார்கள். மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் அடைபட்டிருந்தவர்களில் கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்டெம்பரில். திரும்பி வந்தபோது பலருக்கு வீட்டின் அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் தவிர அடையாளம் ஒன்றும் இருக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். துன்பம் வேரை ஆழமாக்கும் என்று சொல்லி, நடந்தவை எல்லாவற்றையும் கடவுளின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நம் வேர் ஆழமாகட்டும் என்று கடவுள் குண்டு போடவில்லை. தாயின் மடியிலிருந்த பிள்ளை செத்தது கடவுளின் பாடசாலையில் ஒரு பாடம் என்று எவரும் அந்தத் தாயிடம் சொல்லத் துணியாதிருக்கட்டும். அது வெயிலன்று, மனிதர் மூட்டிய தீ. உவமையின் விதைப்பவன் விதையை எறிகிறான், தீயை எறியவில்லை. தீ எரிந்த இடத்திலும் மறு ஆண்டு அவன் வந்து மீண்டும் விதைக்கிறான் என்பதே நம் விசுவாசம். வழியோரம், பாறை, முட்செடி என்று பாராமல் அவன் அள்ளி எறிகிறானே, அதைக் கவனித்தீர்களா? கமக்காரன் எவனும் அப்படி விதையை வீணாக்கமாட்டான். எந்த நிலத்தையும் கைவிட மனமில்லாத விதைப்பவன் அவன்.

கல்லறையில் வைத்த மருந்து

பட்டிப்பூவுக்கு இன்னொரு பெயர் உண்டு. தமிழகத்தில் சில இடங்களில் அதனைச் சுடுகாட்டு மல்லி என்பார்கள். சிங்கள மக்கள் அதனை மினி மல், அதாவது பிணப்பூ என்று அழைக்கிறார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்திலும் வாடாது நிற்பதால், நம் சேமக்காலைகளிலும் இதையே காண்கிறோம். ஒரே தீவில் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த இரண்டு மக்களும், தங்கள் இறந்தவர்களுக்கு அருகே ஒரே பூவைக் கண்டு அழுதிருக்கிறார்கள். இதை நினைக்க மனம் கனக்கிறது.

இந்தக் கல்லறைப் பூவுக்குள் என்ன இருந்தது என்பதை 1950களில்தான் வைத்திய உலகம் கண்டது. யமேக்காவில் நீரிழிவுக்கு இதன் இலையை அவித்துக் குடிக்கும் வழக்கம் இருந்தது. அங்கிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட சில இலைகளை ரொபேர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் பரிசோதித்தார். சீனி குறையவில்லை. ஆனால் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்! அவரும் இரசாயன அறிஞர் சார்ள்ஸ் பியரும் 1958 இல் இலையிலிருந்து வின்பிளாஸ்ரின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து அமெரிக்காவில் பிரிக்கப்பட்ட வின்கிறிஸ்ரின், 1963 முதல் பாவனைக்கு வந்தது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு உலகெங்கும் கொடுக்கப்படும் மருந்துகளில் அது இன்றும் ஒன்று. ஒரு காலத்தில் அந்நோய் கண்ட பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். இன்று, வேறு மருந்துகளோடு சேர்த்து நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில், பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். மகரகமவுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் மாதக்கணக்காய்க் காத்திருந்த பெற்றோருக்கு இதன் அருமை விளங்கும்.

எச்சரிக்கையாகவும் ஒன்று: இது ஆலையில் சுத்திகரித்து, வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்து. செடியோ நஞ்சு. இலையையோ வேரையோ வீட்டில் அவித்துக் குடிக்கவேண்டாம். சிறு பிள்ளைகள் வாயில் வைக்காமற் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லறையில் நின்ற பூவுக்குள் குழந்தைகளின் உயிர் மறைந்திருந்தது. கிறிஸ்தவர்களாகிய நமக்கு இது புதிய செய்தியா? ஆண்டவரை அடக்கம் செய்த இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது என்று யோவான் எழுதுகிறார் (யோவா. 19:41). கல்லறையோ பாறையில் வெட்டியது. பாறையும் தோட்டமும் கல்லறையும் ஒன்றாயிருந்த அந்த இடத்தில், வாரத்தின் முதல் நாள் காலையில் அழுதுகொண்டு நின்ற மதலேன் மரியாள், உயிர்த்த ஆண்டவரைக் கண்டு தோட்டக்காரர் என்று நினைத்தாள். அவள் நினைத்தது முற்றிலும் பிழையென்று சொல்ல முடியுமா? இருளில் மூடப்பட்ட விதையை முளைக்கச் செய்கிறவர் அவரே அல்லவா?

ஆனால் கல்லறையே இல்லாதவர்கள்? வன்னியில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தாய்மார் உட்கார்ந்தார்கள். விடை கிடைக்காமலே கண்மூடிய பெற்றோர் பலர். அவர்களுக்கு இறந்தவனுக்காகப் பூ நடும் ஆறுதலும் இல்லை. இருக்கிறான் என்ற நிச்சயமும் இல்லை. அவர்களிடம் அழாதே என்று நாம் சொல்லவேண்டாம். மதலேன் மரியாளிடம் ஆண்டவர், ஏன் அழுகிறாய், யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார். தேடுகிறவளிடம் யாரைத் தேடுகிறாய் என்று கேட்டு, அவள் சொல்லும் பெயரைக் காது கொடுத்துக் கேட்பதே பங்கு மக்களாகிய நாம் செய்யக்கூடியது.

தகப்பன் கொடுத்த பூ

கிளிநொச்சியில் சிறுமலர் புனித திரேசாளின் பெயரால் கோயில் இருப்பதை அறிவோம். அந்தப் புனிதையின் வாழ்விலும் கல்லில் முளைத்த ஒரு பூ உண்டு. 1887 மே 29, பரிசுத்த ஆவியின் திருநாள். 14 வயதுத் திரேசாள், தான் கார்மேல் மடத்தில் சேர விரும்புவதைத் தந்தை லூயி மார்ட்டினிடம் வீட்டுத் தோட்டத்தில் கண்ணீரோடு சொன்னாள். தாய் செலி புற்றுநோயால் இறந்து பத்தாண்டாகப் போகிறது; ஐந்து பெண்பிள்ளைகளைத் தனியே வளர்த்த தகப்பன் அவர். மறுத்துப் பேசவில்லை. பக்கத்திலிருந்த தாழ்ந்த மதிலிலிருந்து ஒரு சிறு வெள்ளைப் பூவைப் பறித்துக் கொடுத்து, கடவுள் அதனை எவ்வளவு கவனமாய்ப் படைத்து அன்றுவரை காத்தார் என்று விளக்கினார். கையில் வாங்கிப் பார்த்தபோது, வேர் அறாமல் முழுச்செடியாகவே வந்திருந்ததைத் திரேசாள் கண்டாள். அதில் தன் வாழ்வையே கண்டாள். லூயியும் செலியும் 2015 இல் புனிதராக உயர்த்தப்பட்டார்கள்.

கணவனை இழந்து பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் வன்னித் தாய்மாரே, மனைவியை இழந்த தகப்பன்மாரே, இந்தக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை நாளை கொழும்புக்கோ கனடாவுக்கோ போகலாம். போகாதே என்று மறிக்க உங்களால் முடியாது. ஆனால் எப்படி அனுப்புகிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. பூவை மட்டும் கிள்ளி அனுப்பினால் இரண்டு நாளில் வாடும். வேரோடு அனுப்புங்கள். எந்தக் கல்லில் வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

பிரியமானவர்களே, வரும் தை மாசியில், தவக்காலத்தை ஒட்டி ஒரு சிறு காரியம் செய்வோம். மறைக்கல்வி மாணவர்களைக் கொண்டு பட்டிப்பூ விதை சேர்த்து வைப்போம். சேமக்காலையில் எவரும் கவனிப்பாரில்லாத கல்லறைகளின் அருகே ஒரு பிடி தூவுவோம். கெபியின் கல்லிடுக்கில் ஒரு மூலையை ஒதுக்கி, காணாமற்போனவர்களின் தாய்மாரை அழைத்து, அவர்கள் விரும்பினால் அவர்கள் கையாலேயே விதைக்கச் செய்வோம். இறந்துவிட்டான் என்று ஒத்துக்கொள்ளும் பூவாக அல்ல. சேமக்காலையில் அது கல்லறைப் பூ. சிலுவையடியில் நின்ற அன்னையின் காலடியில் அது காத்திருப்பின் பூவாக இருக்கட்டும். வீட்டு முற்றத்திலும் நாலு கல்லை அடுக்கி ஒரு செடி வையுங்கள். அடிமண் நனைய அதற்குத் தண்ணீர் விடும் நாட்களில், குடும்பமாய் ஒருமுறை முழந்தாளிடுங்கள்.

எந்த நிலத்தையும் கைவிடாத விதைப்பவராகிய ஆண்டவர், வறண்ட இந்த நாட்களில் நம் வேர்களை ஆழமாக்குவாராக. பாறைக் கல்லறையில் அடக்கப்பட்டு உயிர்த்த அவர், நம் இறந்தோருக்கு நித்திய இளைப்பாற்றியையும், தேடுவோருக்கு விடையையும் அருள்வாராக. ஆமென்.